இரு கண்ணிலும் ஒரு சொட்டு, தினம் நான்கு வேளை

தோன்யா டோரீனின் பார்வைக்கு நான் சொன்ன விலை ஒன்பது டாலர். அவர் பேரம் பேசி அதை ஆறே காலுக்கு இறக்கினார். என் கடையில் அந்தச் சரக்கை அவ்வளவு மலிவாக வாங்கியவர் வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லிசென்சியாதா, ஏனென்றால் அவருடைய மகள் கொடுத்த புகாரில் ‘ஏமாற்றி விற்றான்’ என்று ஒரு சொல் இருக்கிறது. தோன்யா டோரீனை விலையில் ஏமாற்றுவது லேசான காரியம் இல்லை. ஒரே ஒரு தடவை நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கே அதில் கொஞ்சம் வெட்கம் உண்டு.

இப்போது இந்தப் பெட்டி. பதினான்கு அட்டைகள், எல்லாம் என் கையெழுத்து. சட்டம் படித்து லிசென்சியாதா பட்டம் வாங்கிய அரசு வக்கீல் நீங்களே இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை என்றீர்கள். அதற்கென்ன, நான் படித்துக் காட்டுகிறேன். என்னை இங்கே மெக்சிகாலிக்கு அழைத்து வந்த போலீஸ்காரர் வழியெல்லாம் ஏதோ கொலைகாரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல முறுக்கிக்கொண்டே வந்தார். நீங்கள் காப்பி கொடுத்தீர்கள். காப்பி நன்றாக இருக்கிறது. தட்டச்சு செய்பவருக்கும் சிரித்த முகம். ஒரு வாக்குமூலம் கொடுக்க இதைவிட நல்ல இடம் அமையாது.

நான் கண் டாக்டர் இல்லை. அப்படி ஒருநாளும் பலகை மாட்டியதில்லை. எவெலியோ பர்ரோன், கண்ணாடிக் கடைக்காரன், அவ்வளவுதான். அமெரிக்க எல்லைக் கதவைத் தாண்டி எங்கள் ஊருக்குள் வந்தால் இடது பக்கம் ஐந்தாவது கடை. அதே நடைபாதையில் என் அப்பா கம்பளி விற்றார். அம்மா இன்றைக்கும் மூன்று கடை தள்ளி வெள்ளி வளையல் விற்கிறார். எனக்கு எழுத்து படிக்க வருவதற்கு முன்பே முகம் படிக்க வந்துவிட்டது. நவம்பர் பிறந்தால் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடகோடியிலிருந்தும் நரைத்த தலைகள் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்து அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்துவார்கள். மார்ச் வரைக்கும் அங்கேதான் குடித்தனம். காலையில் எங்கள் பக்கம் நடந்து வருவார்கள்: பல், கண்ணாடி, மாத்திரை, இறால் டாக்கோ. பகல் சாய்ந்ததும் பையை நிரப்பிக்கொண்டு திரும்பிப் போகும் வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பார்கள், யார் எதை எவ்வளவு குறைத்து வாங்கினார் என்று பீற்றிக்கொண்டு. எங்கள் ஊர்க் கடைகளுக்கு வேறு விளம்பரமே கிடையாது. அந்த வரிசைதான் விளம்பரம்.

அட்டைக்கு வருவோம். உள்ளூர்க்காரர்களுக்கு நான் ஸ்பானிஷிலேயே எழுதிக் கொடுப்பேன். வடக்கத்தியருக்கு லத்தீன். ஓ.டி. என்றால் ஓகுலுஸ் டெக்ஸ்டெர், வலது கண். ஓ.எஸ். என்றால் ஓகுலுஸ் சினிஸ்டெர், இடது கண். ஓ.யு. என்றால் இரு கண்ணும். ஜி.டி.டி. என்பது சொட்டு. க்யூ.ஐ.டி. என்றால் நாளைக்கு நான்கு வேளை. மேலே கோடு போட்ட சி என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு. கோடு போட்ட எஸ் என்றால் கண்ணாடி இல்லாமல். பார்த்தீர்களா, காப்பி ஆறுவதற்குள் பாதி அட்டை உங்களுக்குப் படிக்க வந்துவிட்டது. மொத்தக் கடையில் நான்கு டாலருக்கு எடுத்த குப்பிக்கு நான் ஒன்பது சொன்னேன் என்றால் நடுவிலிருக்கும் ஐந்து டாலர் இந்த லத்தீனுக்கு. தனக்குப் புரியாத ஒரு வரி எழுதியிருந்தால்தான் மனிதன் காகிதத்தை மடிக்காமல் கொண்டுபோவான். என் அட்டைகளைச் சிலர் வீட்டு வண்டியின் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்கள், பேரப்பிள்ளை வரைந்த படத்தை ஒட்டுவது போல.

தோன்யா டோரீன் முதன்முதல் வந்தபோது அவருக்கு எழுபத்தொரு வயது. கனடாவில் சஸ்காச்சுவான் என்கிற கோதுமைச் சீமையில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, எவன் சூயிங்கத்தை இருக்கைக்கு அடியில் ஒட்டுகிறான் என்று தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலேயே பார்த்துப் பிடித்த கண். ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு வீட்டு வண்டி வாங்கி, ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு தெற்கே வருவார்.

“என் மக வீட்டுக்கு அடியில ஒரு ரூம் ரெடி பண்ணி வச்சிருக்கா,” என்று என்னிடம் சொன்னார். “ஜன்னல்னு பேருக்கு ஒண்ணு, எட்டிப் பார்த்தா புல்லோட வேரு தெரியும். கண்ணும் லைசென்ஸும் இருக்கிறவரை அந்த ரூமுக்கு என்னை எவளும் இழுத்துட்டுப் போக முடியாது. அதனால ஒழுங்கா என் கண்ணைப் பாத்துக்கோ, திருடா.”

நான் அவரை மரியாதையாக, அம்மா என்கிற மாதிரி, தோன்யா என்பேன். எங்கள் எல்லாக் கடைக்காரர்களையும் அவர் திருடா என்றுதான் கூப்பிடுவார். பிரியமாகச் சொல்வது. இன்னாருக்கு இன்ன பெயர் என்று வைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

பாலைவனத் தூசியில் கண் சிவந்து, அரித்து, மணல் உருளுகிறது என்றார். அந்த முதல் குளிர்காலத்தில் வெள்ளை மூடிக் குப்பி கொடுத்தேன். வெறும் கண்ணீர்ச் சொட்டு, ஒரு கெடுதலும் செய்யாது, பெரிதாக ஒரு நன்மையும் செய்யாது. பத்து நாள் கழித்துக் கடைவாசலில் நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி, “எட்டு டாலருக்கு உப்புத்தண்ணி விக்கிற ஆளு இவன்தான், நல்லா பாத்துக்குங்க,” என்றார். மிச்சமிருந்த பருவம் முழுக்க எதிர்ச் சாரியில் நடந்து எதிர்க் கடைக்குள் போனார். தினம் பதினொரு மணிக்கு. நான் என் கடைக்குள்ளிருந்து கண்ணாடி துடைத்துக்கொண்டே பார்ப்பேன். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். வாசலில் வளர்ந்தவனுக்கு, எதிர்ச் சாரியில் போகும் வாடிக்கையாளர் எப்படிப்பட்ட வலி என்று என் அம்மாவைக் கேளுங்கள்.

அடுத்த நவம்பரில் வெயிலுக்கு ஒதுங்கத்தான் என் கடைக்குள் வந்தார். கண் தக்காளி மாதிரி இருந்தது. இளஞ்சிவப்பு மூடிக் குப்பியை எடுத்து வைத்தேன்.

சொட்டு மருந்துகளுக்கு மூடிதான் அடையாளம், லிசென்சியாதா. சிவப்பு மூடி கண்மணியை விரிக்கும், பச்சை மூடி சுருக்கும். இளஞ்சிவப்பு மூடி அழற்சியை அடக்கும். அத்தனை குப்பியிலும் அது ஒன்றுதான் ராஜா. மூன்றே நாளில் சிவப்பு, அரிப்பு, மணல் எல்லாம் போய், கண் குழந்தையின் கண் போல வெளுத்துவிடும். இளஞ்சிவப்பு மூடி வாங்கியவர் யாரும் திட்டிக்கொண்டு திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை. எங்கள் நாட்டில் அதை வாங்க யாரும் டாக்டர் சீட்டுக் கேட்பதும் இல்லை.

“எவ்வளவு?” என்றார்.

“ஒம்பது டாலர், தோன்யா.”

“ஒம்பதா? இதை வச்சு என் பஸ்ஸையே கழுவிடலாமா?”

“ஒரு வாரத்துல உங்க கண்ணுக்குப் பதினெட்டு வயசாயிடும்.”

“பதினெட்டுல நான் பார்த்துப் பிடிச்சவன்தான் என் முதல் புருஷன். அந்தக் கண்ணு எனக்கு வேணாம். நாலு டாலர்.”

“நாலுக்கு மூடி மட்டும் தரலாம்.”

“குடு. அடுத்த கடையில குப்பி வாங்கிக்கிறேன்.”

“ஏழு. எங்க அம்மா மேல சத்தியமா அதுக்குக் கீழ கட்டாது.”

“உங்க அம்மா மூணு கடை தள்ளித்தானே இருக்காங்க? போய்க் கேட்டுட்டு வரட்டுமா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாரு, உன் இடது புருவம் ஏறிடுச்சு. அது ஏறினா நீ இன்னும் இறங்குவே. அது படுத்தாத்தான் கடைசி விலை. போன வருஷமே பார்த்து வச்சுட்டேன்.”

நாற்பது வருடம் என்னோடு வியாபாரம் பேசிய என் அம்மா கண்டுபிடிக்காதது அது. ஆறே காலில் புருவம் படுத்தது. பன்னிரண்டு குப்பி வாங்கினார். ஒரு குப்பி மாதத்துக்குத் தாராளமாக வரும், வருடக் கணக்கு. அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் கையில் வைத்திருப்பது அதன் நகல்தான்: ஒரு ஜி.டி.டி., ஓ.யு., க்யூ.ஐ.டி. இரு கண்ணிலும் ஒரு சொட்டு, தினம் நான்கு வேளை. அதற்குப் பின்னால் ஒரு சின்ன வால் இருக்கிறது, அது பிறகு வரும்.

தோன்யா டோரீன் அட்டையைப் பார்த்துவிட்டு, “புரியாத காகிதத்துக்கு நான் காசு குடுக்க மாட்டேன். ஒவ்வொரு எழுத்தா சொல்லு,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லிக் கொடுத்தேன். கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். “முப்பது வருஷமா எத்தனையோ கண் டாக்டருங்க. ஒருத்தனும் இதைச் சொல்லித் தந்ததில்ல,” என்றார். வாலைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்கவும் செய்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய பக்கத்து வண்டிக்காரர் டெல்பர்ட் கதவில் தலையை நீட்டி, “டோரீன், வரிசை குட்டையா இருக்கு, இப்பவே வந்தா நாலு மணிக்குச் சீட்டாடலாம்,” என்றார். தோன்யா அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் என் வாசலில் நின்று அதே வரிசை முழுக்கக் கேட்கும்படி, “இந்தத் திருடன் மந்திரவாதி,” என்றார். வெளுத்த கண்ணை இமையைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். எதிர்க் கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலைப் பொழுது எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்கப்புறம் நான் எதுவும் செய்யவில்லை. எல்லாம் தானாக நடந்தது. டெல்பர்ட் வந்தார். அவருக்குப் பின்னால் இரட்டைச் சகோதரிகள் வந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில், அவர்கள் வீட்டு வண்டிகளை நிறுத்தும் அந்தப் பூங்காவில் மொத்தம் பதினான்கு பேர். இளஞ்சிவப்பு மூடிச் சங்கம் என்று தங்களுக்குப் பெயரே வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மூன்றாம் வேளைச் சொட்டு. தோன்யா டோரீன் பள்ளிப் பேருந்து விசிலை ஊதினார். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதினான்கு பேரும் பந்தலுக்கு அடியில் ஒரே சமயத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, சொட்டு விட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கண்ணைக் கொட்டிக் கொட்டிச் சிரித்தார்கள். நான் பார்த்த காட்சிகளில் அதைவிடச் சந்தோஷமானது இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வட்டங்களைக் கேட்டீர்கள். இவற்றுக்கு லத்தீன் இல்லை, நானே வரைந்தவை. ஒவ்வொரு நவம்பரிலும் தோன்யாவை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு கண்ணைப் பொத்தச் சொல்வேன். என் மூக்கையே பார்க்க வேண்டும். நான் ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே நடுவே கொண்டுவருவேன். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். எங்கே சொல்கிறாரோ அங்கே ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம். ஓ.டி.க்கு ஒன்று, ஓ.எஸ்.க்கு ஒன்று. வருடத்துக்கு ஒரு ஜோடி, ஐந்து குளிர்காலம், ஐந்து ஜோடி. இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதல் ஜோடி தட்டு அளவு, அடுத்தது கோப்பைச் சாசர், பிறகு கோப்பை வாய், பிறகு நாணயம். கடைசி ஜோடியில் இடது பக்கம் வெறும் புள்ளிதான். நான் வரையாமல் விட்டதில்லை. இருப்பை அளக்காத கடைக்காரனை எனக்குப் பிடிக்காது.

“இது என்ன, டோனட்டா?” என்று தோன்யா கேட்டார்.

“உங்க பார்வையோட அளவு.”

“சின்னதாகிட்டே போகுதே?”

“ஆமா, தோன்யா.”

“அது அப்படித்தான். வயசானா எல்லாமே சுருங்கும். என் உயரமே ரெண்டு இஞ்ச் குறைஞ்சிடுச்சு.” அவரே கேட்டு அவரே பதில் சொல்லிவிட்டால் நான் குறுக்கே பேசுவதில்லை.

அட்டவணையில் எழுத்துகளை அவர் அப்போதும் நன்றாகத்தான் படித்தார். அதுதான் இதில் வேடிக்கை. வட்டத்தைச் சுருக்கும் இந்த நோய் நடுவைக் கடைசியில்தான் தொடும். ஓரத்திலிருந்து, வலியே இல்லாமல், தின்றுகொண்டு வரும். கோடு போட்ட சி, கோடு போட்ட எஸ், இரண்டு வரியும் மூன்றாவது வருடம் வரைக்கும் பிரமாதம். ஆனால் கடைக்குள் வரும்போது இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். ஒருமுறை முழங்கை பட்டு என் கண்ணாடிச் சட்டங்கள் ஒரு வரிசை முழுக்க விழுந்தன. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கதவை எதுக்குடா குறுகலாக்கிட்டே?” என்றார். அன்றைக்கே நிலையில் மஞ்சள் பட்டை ஒட்டினேன். அடுத்த வருடம் அது போதவில்லை. தச்சனைக் கூப்பிட்டுக் கதவையே ஒரு முழம் அகலமாக்கினேன். அந்தச் செலவு முழுக்க என்னுடையது. அவரிடமிருந்து எனக்கு வருடத்துக்கு முப்பது டாலர்கூட லாபம் தேறாது. கதவுக்கு ஆனது அதைப்போலப் பல மடங்கு. பணத்துக்காகச் செய்தேன் என்று மகள் எழுதியிருப்பதற்கு இந்தக் கதவே பதில் சொல்லும்.

சொட்டை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் மூன்றாம் நாள் கண் சிவக்கும், லிசென்சியாதா. சிவந்தால் எதிர்ச் சாரியில் போவார்.

ஐந்தாவது குளிர்காலத்தில் அந்தச் சீட்டு வந்தது. பூங்காவில் இலவச உடல் பரிசோதனை நாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண் என்று வரிசையாக மேசைகள். கண் மேசையில் ஓர் இளைஞன் பேனா போன்ற கருவியால் ஒவ்வொருவர் கண்ணையும் தொட்டுப் பார்த்து, சீட்டில் இரண்டு எண் எழுதி, உங்கள் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கொடுத்திருக்கிறான். அவன் மேசை முன்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். அவன் என்ன செய்வான். அந்தச் சங்கம் நேராக எல்லையைத் தாண்டி என் கடைக்கு வந்தது.

தோன்யா டோரீன் சீட்டை மேசையில் தட்டி வைத்தார். “கண்ணு டாக்டர்கிட்ட காட்டச் சொன்னான். படி.”

“நான் டாக்டர் இல்லையே, தோன்யா.”

இதைச் சொன்னேன். டெல்பர்ட் சாட்சி.

“தெரியும், தெரியும். எங்க ஊர்ல டாக்டரைப் பார்க்க எட்டு மாசம் காத்திருக்கணும். அவன் ஆறு நிமிஷம் பார்ப்பான், வாயைத் திறக்க மாட்டான். நீதான் சொல்லுவே. ஓ.டி. முப்பத்தொண்ணு, ஓ.எஸ். முப்பத்தாறு. அதை நானே படிச்சுட்டேன். இது என்ன கணக்கு?”

“கண்ணுக்குள்ள இருக்கிற அழுத்தம்.”

“ஜாஸ்தியா, கம்மியா? டெல்பர்ட்டுக்கு இருபத்திநாலுதான்.”

“அதுவும் ஒரே கண்ணுல,” என்றார் டெல்பர்ட். இன்னொரு கண் அவருக்குச் சின்ன வயதிலேயே கோதுமை இயந்திரத்தில் போய்விட்டது.

நான் சீட்டைப் பார்த்தேன். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு கேட்டேன்: “உங்க பார்க்குல வேற யாராவது இதைவிட ஜாஸ்தி வாங்கினாங்களா?”

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப நீங்கதான் முதல்.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பல் டாக்டர் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். “கேட்டியா டெல்பர்ட்? ஸ்கூல்லகூட நான் முதல் வந்ததில்ல. அதுவும் என் இடது கண்ணு, சோம்பேறிக் கழுதை, முப்பத்தாறு வாங்கியிருக்கு.” டெல்பர்ட், இருபத்துநாலை வைத்துக்கொண்டு இனிமேல் சங்கத்தில் எப்படித் தலைகாட்டுவது என்றார்.

“கீழ ஸ்டாட்னு எழுதியிருக்கே, அது?” என்றார் தோன்யா.

“அதுவும் லத்தீன்தான். உடனேன்னு அர்த்தம்.”

“என்ன உடனே?”

“சின்னப் பசங்களுக்கு எல்லாமே உடனே வேணும், தோன்யா.”

“நான் லீவுல இருக்கேன். எனக்கு எதுவும் உடனே வேணாம். பன்னெண்டு குப்பி எடு. உன் புருவத்தையும் காட்டு.”

யோசித்துப் பாருங்கள். இதில் எந்த இடத்தில் நான் பொய் சொன்னேன்? எழுத்துக்கு எழுத்து மெய். குப்பியின் மேல் எல்லாம் ஸ்பானிஷில் அச்சடித்திருக்கிறது, அட்டையில் எல்லாம் லத்தீனில் எழுதியிருக்கிறது. நான் மறைத்தது எதுவும் இல்லை.

ஆறாவது குளிர்காலம், அதாவது இந்த நவம்பரில், தோன்யா டெல்பர்ட்டைத் தன் வண்டியிலேயே பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க டெல்பர்ட் “லெஃப்ட்ல லாரி, ரைட்ல வேலி” என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். இருவருக்குமாகச் சேர்த்து ஒரு கண் இருந்தது, அது போதும் என்றார்கள். கடைக்குள் வரும்போது, அவ்வளவு அகலமாக்கிய கதவிலும் தோன்யா கையால் தடவித்தான் நுழைந்தார். “கண்புரையா இருக்குமோ?” என்றார். “கண்புரையும் இருக்கு, தோன்யா,” என்றேன். அதுவும் மெய். இந்த மருந்து அதையும் கொண்டுவரும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டெல்பர்ட் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, தோன்யா வண்டியைப் பின்னால் எடுத்துப் பூங்காவின் கொடிக்கம்பத்தைச் சாய்த்துவிட்டார். கம்பம் சீட்டாடும் பந்தலின் மேல் விழுந்தது. நல்லவேளை, நான்கு மணி ஆகவில்லை. பந்தலில் யாரும் இல்லை. அடிபட்டவர் அவர் ஒருவர்தான், நெற்றியில் இரண்டு தையல். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன சொட்டு விடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தோன்யா பெருமையோடு என் அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, அதிலிருந்த எழுத்தையெல்லாம் அவருக்கே விளக்கியிருக்கிறார். அவர் கடைசிவரை படித்திருக்கிறார். வாலையும்.

இடது கண்ணில் ஒன்றும் இல்லை, வலது கண்ணில் ஒரு சாவித்துவாரம் என்று டாக்டர் எழுதியிருப்பதை எனக்குக் காட்டினீர்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். மகள் விமானத்தில் வந்து அழைத்துப் போய்விட்டார், அந்த அறைக்குத்தான். புல்லின் வேர் தெரியும் என்று சொன்னேனே, இனி அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் கண்ணைக் கசக்குகிறீர்கள், லிசென்சியாதா. கசக்காதீர்கள். பயப்படவும் வேண்டாம், நான் எதுவும் விற்க வரவில்லை.

வால்தானே? மூன்றாவது முறை விரலை வைக்கிறீர்கள். நீங்கள் தோன்யாவைப் போல இல்லை, விடாமல் கேட்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பெருக்கல் குறி, பதினான்கு, பிறகு ஒரு டி. டி என்றால் நாள். பதினான்கு நாளைக்கு மட்டும் என்று அர்த்தம். இளஞ்சிவப்பு மூடியை அதற்கு மேல் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு கருகும், போனது திரும்பி வராது. கண்ணாடித் தொழில் படித்தபோது வாத்தியார் இரண்டு கையையும் விரித்துப் பத்து, பிறகு ஒரு கையில் நான்கு என்று விரலால் காட்டினார். எண்களை நான் மறப்பதில்லை. ஆமாம், முதல் குப்பி விற்கும்போதே தெரியும். வட்டம் சுருங்கியபோது ஏன் சுருங்குகிறது என்று தெரியும். முப்பத்தாறைப் பார்த்தபோது அது என்ன எண் என்று தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு குப்பிக்கும் பதினான்கு நாள் என்று ஒழுங்காக எழுதினேன். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் திறக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. பதினான்கு பேர், பதினான்கு அட்டை, இருபத்தேழு கண். டெல்பர்ட்டின் இன்னொரு கண்ணை என் பேரில் சேர்த்துவிடாதீர்கள். அது கோதுமை இயந்திரத்தின் கணக்கு.

தட்டச்சு செய்பவர் நிறுத்திவிட்டார். அடியுங்கள், தம்பி, இன்னும் கொஞ்சம்தான். வெட்கம் என்று சொன்னேனே, அது பாக்கி.

இந்த நவம்பரில் தோன்யா டோரீன் ஸ்டூலில் உட்கார்ந்து, “எவ்வளவு, திருடா?” என்றார். வழக்கம்போல ஒன்பது என்றேன். வழக்கம்போல அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்தார் என்றால், என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “புருவம் எங்க இருக்கு? ஏறியிருக்கா, படுத்திருக்கா?”

“படுத்திருக்கு, தோன்யா.”

“அப்ப ஒம்பதுதான் கடைசியா?”

“ஒம்பதுதான்.”

“கெட்டிக்காரனாயிட்டே,” என்று சிரித்துக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தார். ஒவ்வொரு நோட்டையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து வைத்தார். நூற்றெட்டு டாலர்.

புருவம் ஏறித்தான் இருந்தது. ஆறு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேரம் பேசுகிறவரை அப்படி ஏய்ப்பது முறையில்லை. நான் அப்படி வளர்ந்தவன் இல்லை. குப்பிக்கு இரண்டே முக்கால் டாலர் அதிகம், பன்னிரண்டு குப்பி, ஆக முப்பத்துமூன்று. இதோ இந்த உறையில் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டு அவருக்கு அனுப்பிவையுங்கள். எல்லாம் ஒற்றை டாலர் நோட்டுகள். எது எத்தனை என்று குழம்ப வேண்டியதில்லை, தடவியே எண்ணிக்கொள்வார். அதோடு தோன்யா டோரீனுக்கு நான் தர வேண்டியது ஒன்றும் இல்லை.